'நாம்' என்றால் யாருங்க?

தமிழில் ஒரு வசதி உண்டு. 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான், பாவம்! திட்டங்களுக்குப் பெயர் வைக்கும் நம் அதிகாரிகளுக்கு இந்த இலக்கணம் நன்றாகவே கைவந்திருக்கிறது.

1997-98-ல் 'நமக்கு நாமே' வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அதுவே 'தன்னிறைவுத் திட்டம்' ஆனது. 2021-ல் மறுபடி ஆட்சி மாற்றம், மறுபடி 'நமக்கு நாமே'. கூடவே, வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளுக்காக 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று இன்னொன்று. (அந்த வாரியமே பெயர் மாறியதுதான். குடிசை மாற்று வாரியம் இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்.)

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். 'நமக்கு நாமே'யில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும், மிச்சம் அரசு. அடுக்குமாடித் திட்டத்தில், குடியிருப்போர் சங்கம் வைத்து மாதாமாதம் பராமரிப்புப் பணம் வசூலிக்க வேண்டும். வசூலானதற்கு இணையாக அரசும் போடும். நூறுக்கு நூறு. ஐம்பதுக்கு ஐம்பது. வசூலே ஆகாத இடத்துக்கு..? சைபருக்கு இணை சைபர்தானே!

பூங்காவுக்கும் பள்ளிக்கூட காம்பவுண்டுக்கும் இந்தக் கணக்கு சரி. கோயமுத்தூரில் பொதுக் காரியத்துக்குப் பணம் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், சாக்கடை வசூல் நோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது.

கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று நகரத்துக்கு வெளியே வரிசையாக பிளாக்குகள் நிற்கின்றன. குளக்கரைகளில் குடியிருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடங்கள். அடுக்குமாடியில் மேல்வீடுகளின் கழிவெல்லாம் ஒரே குழாயில் கீழே இறங்கும். வெளியே சேம்பரில் அடைத்துக்கொண்டால், மூணாவது மாடியில் ஒருத்தர் குளித்த தண்ணீர் கீழ்வீட்டு பாத்ரூமில் பொங்கி வரும். வசூலுக்குப் போனால் மாடிக்காரர், "எங்களுக்கு ஒண்ணும் அடைக்கலீங்களே" என்பார். கீழ்வீட்டம்மாவோ, "நாத்தத்துல ஒரு வாய் சோறு திங்க முடியல. நான் எதுக்குங்க காசு குடுக்கோணும்?" என்பார். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. வசூல் படுத்துவிடும். வசூல் படுத்தால் அரசின் பங்கும் சேர்ந்து படுக்கும். ஆக, எந்த பிளாக் ரொம்பக் கெட்டுக் கிடக்கிறதோ அதற்குத்தான் ரொம்பக் குறைவான உதவி.

சரி, ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் வசூல் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடைப்பு சங்கத்தின் எல்லைக்குள்தான் இருக்கும் என்று யார் சொன்னது? மெயின் லைனும் பம்பிங் ஸ்டேஷனும் சங்கத்தின் கையிலா இருக்கிறது? உக்கடம், ஒண்டிப்புதூர், நஞ்சுண்டாபுரம் என்று சுத்திகரிப்பு நிலையங்கள் மாநகராட்சிக்கு இருக்கின்றன. 2011-ல் நூற்றைந்து சொச்சம் சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 257 ஆனது. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்துவிட்டது. குழாய் அந்த வேகத்தில் நகரவில்லை.

"மக்களும் கொஞ்சம் போட்டால்தானே அருமை தெரியும்?" என்று கேட்பவர்கள் உடனே ஆலந்தூரைக் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். தொண்ணூறுகளின் கடைசியில், நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் வாங்கிப் பாதாளச் சாக்கடை போட்டார்கள். ஆனால், அங்கே மக்கள் பணம் கொடுத்தது ஊர் முழுவதற்குமான புது இணைப்புக்கு. சுத்திகரிப்பு நிலையமும் அந்தத் திட்டத்திலேயே சேர்ந்து வந்தது. யாரோ கட்டி, யாரோ கவனிக்காமல் விட்டு, பொங்கி வழியும் குழாயை ரிப்பேர் செய்ய உண்டியல் குலுக்கவில்லை.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது. பணமில்லாத சங்கம் அடைப்பெடுக்க என்ன செய்யும்? மெஷின் லாரிக்கு வழியில்லாமல், தெரிந்த யாரையாவது குழிக்குள் இறக்கப் பார்க்கும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. யார் இறக்கினாலும் குற்றம், தனிநபராக இருந்தாலும் சரி. இறப்பு நஷ்ட ஈட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. 'நம் பொறுப்பு' என்று எழுதியவர்கள் இதையும் சேர்த்துத்தான் நம் தலையில் வைத்தார்களா?

இன்னொன்று. 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை கோவை மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 26 வருஷத்துக்குக் குடிநீர் விநியோகத்தை சூயஸ் கம்பெனியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2018-ல் கையெழுத்தானது இந்த இடைவெளியில்தான். அப்போது எந்த 'நாம்' உட்கார்ந்து பேசியது? கையெழுத்துப் போடும்போது 'நாங்கள்', வசூலுக்கு வரும்போது 'நாம்'!

வாரியத்துக்கு ஒரு யோசனை. வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் உங்கள் செலவில் மெயின் லைனைச் சரிபண்ணி, ஆறு மாசம் அடைக்காமல் ஓட்டிக் காட்டுங்கள். அப்புறம் நோட்டோடு வாருங்கள். கீழ்வீட்டம்மா முதல் ஆளாகக் கொடுத்துவிடுவார். மாடிக்காரரிடம்தான் ரெண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.