வலது மூலையில் ஒரு கால்: டர்னரின் அடிமைக் கப்பலும் அதன் கைப்பிரதிகளும்

பிரதி என்கிற சொல்லை நம்முடைய சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் வேறொரு அர்த்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. கவிதை ஒரு பிரதி, நாவல் ஒரு பிரதி, உடல்கூட ஒரு பிரதி. அதற்கு முன்னால் பிரதி என்றால் நகல்தான். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கையால் எழுதுவது, வரைவது. நான் பேசப் போவது அந்தப் பழைய பிரதியைப் பற்றி. ஒரு வெள்ளைக்கார ஓவியனின் கடல் படம், அதைப் பார்த்துக் கையால் தீட்டி விற்கப்படும் நகல்கள், அந்த நகலில் காணாமல் போவது எது என்பது பற்றி.

ஜே.எம்.டபிள்யூ. டர்னர் 1840இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்த படம். 'அடிமைக் கப்பல்' என்று சுருக்கிச் சொல்வார்கள். டர்னர் கொடுத்த தலைப்பு நீளமானது: செத்தவர்களையும் சாகக் கிடப்பவர்களையும் அடிமை வியாபாரிகள் கடலில் எறிகிறார்கள், புயல் வருகிறது. ஏறக்குறைய மூன்றடி உயரம், நாலடி அகலம். நடுவில் மேலேயிருந்து கீழே வெள்ளையாக இறங்குகிற வெயில். ரெண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளும் கொதிக்கின்றன. இடப்பக்கம் தூரத்தில் ஒரு கப்பல். முதல் பார்வைக்கு இவ்வளவுதான். கிட்டே போனால்தான் வலது கீழ் மூலையில் தலைகீழாக ஒரு கறுத்த கால் தெரியும். கணுக்காலில் விலங்கு. மீன்கள் மொய்க்கின்றன, மேலே பறவைகள். அலைக்கு நடுவில் அங்கங்கே கைகள், சங்கிலிகள்.

இந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது 'சாங்' என்ற கப்பலின் கதை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். 1781இல் ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்குப் போன அந்தக் கப்பலில் இருந்து நூற்று முப்பது பேர் அளவில் உயிரோடு கடலில் எறியப்பட்டார்கள். காரணம் இன்சூரன்ஸ். நோயில் செத்தால் முதலாளிக்கு நஷ்டம். கப்பலைக் காப்பாற்ற 'சரக்கை' எறிந்தால் நஷ்டஈடு. தலைக்கு முப்பது பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1783இல் லண்டன் கோர்ட்டில் அது கொலை வழக்காக நடக்கவில்லை, பண வழக்காக நடந்தது. எறியப்பட்டது மனிதர்களா குதிரைகளா என்பதில் சட்டத்துக்கு வித்தியாசம் இல்லை என்கிற மாதிரித்தான் நீதிபதி பேசினார்.

படத்தை உலகப் புகழாக்கியவர் ஜான் ரஸ்கின். 1844 புத்தாண்டுக்கு அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்த பரிசு அது. அதற்கு முந்தின வருஷமே தன் புத்தகத்தில் இந்தக் கடலைப் பற்றி, அந்த அலை, அந்த நிறம், அந்த ஒளி என்று பக்கம் நிறைய எழுதிவிட்டார். டர்னரின் அமரத்துவத்துக்கு ஒரே ஒரு படம் போதும் என்றால் இதைத்தான் சொல்வேன் என்றார். எல்லாம் சரி, கடலில் கிடக்கிறவர்கள்? அவர்கள் அடிக்குறிப்பில் இருக்கிறார்கள். இது அடிமை வியாபாரியின் கப்பல் என்கிற தகவல் பக்கத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில். பிற்காலத்தில் இந்தப் படத்தோடு ஒரே வீட்டில் இருக்க மனசு தாங்கவில்லை என்று விற்றுவிட்டார். அமெரிக்காவுக்குப் போய், 1899இலிருந்து பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்க் ட்வைன் கிண்டலடித்தார்: தக்காளித் தட்டில் வலிப்பு வந்து புரள்கிற பூனை மாதிரி இருக்கிறது என்று பாஸ்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் சொன்னாராம். புகழ்ந்தவரும் நிறத்தைத்தான் பார்த்தார், கிண்டலடித்தவரும் நிறத்தைத்தான் பார்த்தார்.

அந்த அடிக்குறிப்பை இழுத்து வெளியே போட்டவர் டேவிட் டாபிடீன். கயானாவில் பிறந்தவர், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வம்சம். 1994இல் 'டர்னர்' என்ற நெடுங்கவிதையை எழுதினார். தண்ணிக்குள் மூழ்கிக் கிடக்கிற ஆப்பிரிக்கத் தலை அதில் பேசுகிறது. கரும்புத் தோட்டத்தில் ஆப்பிரிக்கர் வேலை பார்த்த அதே இடத்துக்கு இறக்கப்பட்ட கூலியின் பேரன்தான் அந்தத் தலைக்கு வாய் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது நகலுக்கு வருவோம். புகழ்பெற்ற ஓவியங்களைக் கையால் தீட்டி விற்பது இன்றைக்கு உலக வியாபாரம். சீனாவில் ஷென்சென் பக்கத்தில் டாஃபென் என்ற கிராமம் அதற்கே பேர்போனது. 1989இல் ஹாங்காங் வியாபாரி ஒருவர் கொஞ்சம் ஓவியர்களோடு வந்து தொடங்கி, பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே தூரிகை பிடித்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் அடுக்குமாடி எழும்ப எழும்ப, ஹாலில் சோபாவுக்கு மேல் மாட்ட ஒரு 'சீனரி' தேவைப்படுகிறது. அச்சடித்தது என்றால் மலிவு. கையால் வரைந்தது என்றால் கௌரவம்.

பொழிச்சலூரில் எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர். சேரியில் பிறந்தவர், பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவப் போய்த் தொழில் கற்றவர். அண்ணாசாலையில் நின்ற கட்அவுட்டுகளில் அவர் கை பட்ட முகங்கள் உண்டு. 2000க்குப் பிறகு பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே விழுங்கியது. இப்போது கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், நடுவில் இந்த மாதிரி நகல். ஒரு வாடிக்கையாளர் டர்னர் படத்தை செல்போனில் அனுப்பி, ஆறடிக்கு நாலடி, ஆரஞ்சு கொஞ்சம் தூக்கலாக வேணும் என்றிருக்கிறார். அண்ணன் வழக்கம்போலக் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டமாக ஏற்றிக்கொண்டு வந்தவர் வலது மூலைக் கட்டத்தில் நின்றுவிட்டார். "தம்பி, இது இன்னா, காலு மாரி கீது?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப இது சங்கிலியா? இரும்பு எங்கப்பா மெதக்கும்?" என்றார். (இதே கேள்வியைப் படித்த விமர்சகர்களும் கேட்டிருக்கிறார்கள்.) வாடிக்கையாளருக்குப் போன் போட்டார். கால் வேண்டாம், அங்கே தண்ணியா வரைஞ்சிடுங்க என்று பதில். "மீனு?" மீன் இருக்கட்டும், நல்லா இருக்கும்.

அப்படியே வரைந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பிழைக்கிறவர். ஆனால் அந்தப் படத்தைப் பாருங்கள். அத்தனை மீனும் வலது மூலையில் ஒரு வெற்றுத் தண்ணியை மொய்த்துக்கொண்டு நிற்கின்றன. எதைத் தின்ன வந்தன? வாங்கினவருக்கு அந்தக் கேள்வியே வராது.

அச்சு இயந்திரத்துக்குக் கால் தெரியாது, தண்ணி தெரியாது. இருக்கிற புள்ளியை எல்லாம் அப்படியே போடும். கையால் வரைகிறவர் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்தாக வேண்டும். காலை விடுவது என்றால்கூட, இது கால் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விட முடியும். ரஸ்கின் பக்கம் பக்கமாகக் கடலை எழுதிக் கடைசியில் சின்ன எழுத்தில் தள்ளியதை, நம்ம அண்ணன் முதலில் கேட்டார். கலைப் பார்வை யாருக்கு இருக்கிறது என்று இனிமேல் யாராவது வகுப்பு எடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ரஸ்கினுடைய வேலையை இங்கே நம் இலக்கிய விமர்சகர்கள் காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். தலித் எழுத்து வந்தபோது 'விஷயம் சரி, கலையாகியிருக்கா?' என்றார்கள். 1992இல் 'கருக்கு' வந்தபோது அது நாவலா சுயசரிதையா என்ற விவாதத்துக்குக் கிடைத்த இடம் அதில் வருகிற அடிக்கும் அவமானத்துக்கும் கிடைத்ததா? நிறம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிரித்து, நிறத்துக்குக் கட்டுரையும் உடம்புக்கு அடிக்குறிப்பும் எழுதுகிற பழக்கம் இது. டர்னர் படத்தில் அந்தச் சிவப்பே அந்தக் காலிலிருந்து வருகிறது. காலை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சாயங்காலம், வேறொன்றுமில்லை.

அதுக்காக டர்னரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதும் இல்லை. 1805இல் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு பண்ணைத் திட்டத்தில் நூறு பவுண்டு முதலீடு போட்டவர் அவர். அதுவும் போக, படத்தில் செத்துக்கொண்டிருக்கிறவர் ஒருவருக்கும் முகம் கிடையாது. கால் உண்டு, கை உண்டு, முகம் இல்லை. அந்தக் கடலில் நின்று பார்க்க இடமே கிடையாது. மேலே எங்கோ அந்தரத்தில் இருந்துதான் பார்க்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பொழிச்சலூருக்குள் புகுந்தபோது டிவியில் மேலேயிருந்து எடுத்த படங்களைக் காட்டினார்கள். தண்ணி தெரிந்தது, கூரை தெரிந்தது, மொட்டைமாடியில் நின்ற சனங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. படம் வரைந்த 1840இல் பிரிட்டன் தன்னை அடிமை ஒழித்த நாடாகச் சொல்லிக்கொண்டது. 1833 சட்டத்தில் ரெண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. அதே சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. லண்டனில் கனவான்கள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்ற வருஷத்தில், செங்கல்பட்டுச் சீமையில் பண்ணையாளாகக் கிடந்த நம் பாட்டன் பூட்டன்களின் அடிமைத்தனத்தைக் கம்பெனி கோர்ட்டு இன்னும் ஏற்றுக்கொண்டிருந்தது. 1843இல் ஐந்தாம் சட்டம் வந்துதான் அது நின்றது. அதற்கு அப்புறமும் நிலைமை எப்படி இருந்தது என்று 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதினார். பஞ்சமி நிலம் அந்த அறிக்கையிலிருந்து வந்தது.

அந்த அடிமைத்தனத்துக்கு டர்னர் இல்லை, ரஸ்கினின் அடிக்குறிப்புகூட இல்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கிளம்பி நவம்பர் 16இல் டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு முதல் தொகுதிக் கூலிகள். சோபாவுக்கு மேல் மாட்டுகிற மாதிரி அந்தக் கப்பலை யாரும் வரையவில்லை. ஆனால் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல்கள் இருக்கின்றன. பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஊர் என்று வரிசையாகக் கட்டம் கட்டமாக. சாதிக் கட்டத்தில் பறையர் என்று எத்தனையோ பேர். கடைசியில் ஒரு கட்டம் உடம்பிலுள்ள அடையாளத்துக்கு. ஆள் ஓடிவிட்டால் பிடிப்பதற்காக எழுதி வைத்தது. எந்தக் காலில் தழும்பு என்றுகூடச் சில பேருக்கு நேரே எழுதியிருக்கிறது.