படகுக்கு எந்தப் பை? கன்வஸ் வள்ளப் பையும் அலுமினியச் சட்டகப் பையும்

திருகோணமலைப் பக்கம் போக முதுகுப் பை வாங்குபவர்கள் கடையில் கேட்பது ஒன்றே: எத்தனை லீற்றர் கொள்ளும்? இந்த மாவட்டத்தில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பை எவ்வளவு நேரம் முதுகில் இருக்கும், எவ்வளவு நேரம் படகுக்குள் கிடக்கும்? நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். இரு பக்கமும் மணலில் நடக்கும் தூரம் அதைவிடக் குறைவு. உல்லைக்கழிக் களப்பிலும் கொட்டியாற்றுக் குடாவின் ஓரங்களிலும் கதை இதேதான்: வள்ளத்தில் ஏறுவது, இறங்குவது, கொஞ்சம் நடப்பது, மறுபடி ஏறுவது.

விமர்சனத்துக்கு எடுத்த பைகள் இரண்டு. ஒன்று, மெழுகேற்றிய தடித்த பருத்திக் கன்வஸில் தைத்தது. சிப் கிடையாது, எலும்பு போன்ற கம்பி எதுவும் கிடையாது. அகன்ற ஒரே அறை, மேல்மூடியை வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். மற்றது, அலுமினியக் குழாய்ச் சட்டகமும் இடுப்புப் பெல்ட்டும் உள்ள நைலோன் பை. இரண்டும் ஏறத்தாழ 60 லீற்றர்.

கன்வஸ் பையின் பிறப்பிடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரம். அங்கே கமீல் புவாரியே 1882இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏரிக்கு ஏரி வள்ளத்தையும் சாமான்களையும் சுமந்து கடக்கும் பயணங்களுக்கு ஏற்ற பை அது. தோள்வாரோடு நெற்றிப்பட்டையும் உண்டு. மலையகத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய கயிற்றால் சுமக்கும் பெண்களைப் பார்த்தவருக்கு அந்தப் பட்டையின் வேலை உடனே விளங்கும். சட்டகப் பையின் கதை வேறு. 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டகப் பைகளை விற்கத் தொடங்கினார். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கி, நாள் முழுக்க மலையேற வைப்பதே அதன் நோக்கம்.

நடையில் சட்டகப் பைக்கு நிகர் கிடையாது. 15 கிலோவை ஏற்றிக்கொண்டு நடந்தால் தோள் இலேசாக இருக்கும், முதுகுக்கும் பைக்கும் இடையே காற்று ஓடும். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் இது சின்ன விடயமல்ல. கன்வஸ் பையோ முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும், தோள்வார் அழுத்தத் தொடங்கும்.

படகில் நிலைமை தலைகீழ். கரையோரத்து பைபர் படகில் குறுக்குப் பலகைகளுக்கு இடையே இருக்கும் இடம் கொஞ்சம்தான். சட்டகப் பையைப் படுக்க வைத்தால் குழாய் முனை பலகையில் மாட்டுகிறது. நிமிர்த்தி வைத்தால் படகு ஆடும்போது சாய்ந்து பக்கத்தில் இருப்பவர் காலில் விழுகிறது. கன்வஸ் பை இருக்கிற இடத்தில் அமர்ந்துவிடும். பாரம் தாழ்வாக இருப்பதால் படகும் நிதானமாக இருக்கும். இறங்கும்போது இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் கை நீட்ட, மற்றவர் பையின் காதைப் பிடித்துத் தூக்கிக் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். டுலூத் பை நன்னீர் ஏரிகளில் வளர்ந்தது. திருகோணமலைத் துறைமுகம் உப்புக் கடல். நனைந்த பருத்தி நூல் வீங்கி நெசவு இடைவெளியை அடைத்துக்கொள்வதால் கன்வஸ் சிறு தூறலைத் தாங்கும். படகின் அடியில் தேங்கி நிற்கும் கடல்நீரில் கிடந்தால் தாங்காது. உறிஞ்சிய நீரால் பாரம் கூடும். காய்ந்த பின்னும் நூலுக்குள் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூஞ்சணம் பிடிக்கும், இரும்பு வளையங்கள் துருவேறும். கிணற்றுத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுவது கட்டாயம். சட்டகப் பையும் உப்புக்குத் தப்பாது: சிப்பின் உலோக இழுவை இறுகும், அலுமினியக் குழாயில் இரும்பு ஆணி தொடும் இடம் அரித்துப்போகும்.

இரண்டுமே தாமாக நீர்புகாப் பைகள் அல்ல. உள்ளே தடித்த பொலித்தீன் உறையைப் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய 60 லீற்றர் பைக்குள் 15 கிலோ இருந்தால், கடலில் விழுந்தாலும் மிதக்கும். வாய் அகன்ற கன்வஸ் பைக்குள் அந்த உறையைப் போடுவது மிக எளிது. பல அறைகளாகப் பிரிந்த சட்டகப் பையில் அது பெரும் பாடு.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்ததும் அங்கே ‘பாதை’ எனும் மிதவைப் படகில் கடக்கும் காலம் முடிந்தது. ஆனால் அதே கிண்ணியாவில், 2021 நவம்பர் 23ஆம் திகதி, குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் அலட்சியம் கூடாது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு படகில் ஏறவே கூடாது. இடுப்புப் பெல்ட்டைப் பூட்டியவர் நீரில் விழுந்தால் கழற்ற நேரம் கிடைக்காது. பை கீழே, உயிர்காப்பு அங்கி உடலில்: இதில் சலுகை வேண்டாம்.

அப்படியானால் எது? ஹோர்ட்டன் சமவெளிக்கும் சிவனொளிபாத மலைக்கும் போகிறவர் சட்டகப் பையை வாங்கட்டும். திருகோணமலைக்கு வள்ளப் பையின் வடிவமே சரி: சட்டகமில்லாத, அகன்ற வாயுள்ள, படுத்துக் கிடக்கும் பை. துணியில்தான் மாற்றம் தேவை. கன்வஸைவிட, வாயை மூன்று தரம் மடித்துப் பூட்டும் பீவீசி பை உப்புக்கு நின்று பிடிக்கும். அதிலும் தோள்வார் அகலமாக உள்ளதைத் தேடுங்கள். உள்ளே வியர்த்துத் துணி நாறுவது அதன் குறை. கரையேறியதும் திறந்து காற்றாட விடுங்கள். கன்வஸ் மீதுதான் ஆசை என்றால், ஓட்டோவுக்கு ஹூட் தைக்கும் குஷன் கடையில் அளவு கொடுத்துத் தைக்கலாம். வளையங்களைப் பித்தளையில் கேளுங்கள்.