ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுங்கள். அத்தோடு பருமனை மறந்துவிடலாம். அளவுக்காக எண்ணை ரசிப்பது சீக்கிரம் அலுத்துவிடும். ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரியது வந்து நிற்குமே! பகா எண்களாகப் பிரியுங்கள், சங்கதி அங்கேதான் இருக்கிறது.

கடைசி இரண்டு சுழியங்களில் தொடங்கி வகுத்துக்கொண்டே போனால் 2 ஆறு முறை வரும், 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை. 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. நடுவில் ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. அடுக்குகளும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று எங்குமே ஏறாமல் இறங்குகின்றன.

இந்த ஒழுங்கு எதற்கு? வகுஎண்களை எண்ணினால் புரியும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இப்போது 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றிப் பாருங்கள். வகுஎண்கள் அதே 5040தான்; ஆனால் 5184 இருந்த இடத்தில் 11664 உட்கார்ந்து, எண் இரண்டு மடங்குக்கும் மேல் வீங்கிவிடும். சிறிய பகா எண்ணின் தலையில்தான் பெரிய அடுக்கை ஏற்ற வேண்டும். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லாததால் இது ‘உயர் பகு எண்’. 1 முதல் 28 வரை, 23-ஐத் தவிர எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். மிகைமை எண்ணும்கூட: அதன் பாதி, மூன்றிலொன்று, கால் ஆகிய மூன்றைக் கூட்டினாலே அதைத் தாண்டிவிடும்.

இனிதான் ருசியே. விடையாக வந்த 5040-உம் உயர் பகு எண்தான். (பிளேட்டோ தன் லட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வகுத்ததும், எப்படி வேண்டுமானாலும் பங்கு பிரிக்கலாம் என்பதால்தான்.) அதன் வகுஎண்கள் 60. அதற்கு 12, அதற்கு 6, அதற்கு 4. அத்தனையும் உயர் பகு எண்கள்!

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்த கட்டுரையில் ராமானுஜன் இவற்றை 6746328388800 வரை பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம். அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போனது ஒன்று, நம்முடைய இந்த எண்!

உயர் பகு எண்களுக்குள்ளேயே இன்னும் கறாரான ஒரு வகுப்பையும் அவர் பிரித்தார். 12, 60, 5040 அதில் உண்டு. நம் எண்ணுக்கு இடமில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் 321253732800-க்கு இருக்கிறது. அதையும் பிரித்துப் பாருங்கள். ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு 23-ஐச் சேர்த்திருப்பார்கள். எண் வளர்ந்தது 21-க்கு 23 என்ற அளவில் மட்டுமே. வகுஎண்களோ 5376.