சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அக்காவின் வீட்டில், கதவுக்குப் பின்னால் மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. தேதிக் கட்டத்துக்குள் பேனாவால் 1 என்று எழுதியிருந்தால் அன்றைக்கு ஒரு ஷிப்ட். 1½ என்றால் ராத்திரி எட்டரை வரை. 2 என்றால் நடுராத்திரி தாண்டி வீடு வந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் வட்டம், பக்கத்தில் கைக்கு வந்த தொகை. ஒரு கட்டத்தில் எண்ணே இல்லை, ‘பாப்பா காச்சல்’ என்று மட்டும் இருக்கிறது. பழைய காலண்டர்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். “தீந்த கணக்க வெச்சு என்ன பண்றதுங்க? சுடுதண்ணி அடுப்புக்குப் போயிருச்சுங்க” என்றார்.

அடுப்புக்குப் போனது சாதாரணக் காகிதமில்லை. பனியன் கம்பெனிகளில் பெண்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், என்ன வாங்கினார்கள், எதற்காக ஒரு நாளை விட்டார்கள் என்பதை அவர்களே எழுதி வைத்த பதிவு அது. அதைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இந்த ஊரில் வரவே இல்லை. திருப்பூர்ப் பெண்களைப் பற்றிய எழுத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. அதை யார், எதற்காக எழுதினார்கள் என்று பார்த்தால்தான் என்ன கிடைத்தது, என்ன தொலைந்தது என்று தெரியும்.

ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் பெண் அநேகமாக இல்லை. 1932 ஜனவரி 10 சுதந்திரப் போராட்ட ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் இறந்த குமரன் இருக்கிறார். அவர் மனைவி ராமாயியின் பெயர் தேடினால்தான் வரும். பிறகு முதல் பனியன் கம்பெனி வைத்தவர், 1978-இல் இத்தாலியிலிருந்து பனியன் வாங்க வந்த வியாபாரி வெரோனா, 1990-இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கம் என்று கதை ஓடும். ஆனால் பனியனுக்கு முன்பு இது கதர் ஊர். 1925-இல் உருவான அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. சுற்றுக் கிராமங்களில் ராட்டை சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். நூற்பவர்களுக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி தர வேண்டும் என்று 1935-இல் காந்தியின் வற்புறுத்தலால் சங்கம் முடிவெடுத்தபோது அதில் இந்தப் பெண்களின் கூலியும் அடக்கம். கதர் வரலாற்றில் அவர்கள் ஒரு தொகையாக வருகிறார்கள்: இத்தனை ஆயிரம் நூற்பவர், இவ்வளவு கூலி. ஆள் முகம் கிடையாது.

ஆராய்ச்சியாளர்கள் வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. ஷரத் சாரியின் ‘ஃபிரடெர்னல் கேபிடல்’ (2004) இந்த ஊரைப் பற்றிய முக்கியமான நூல். தலைப்பே சகோதரர்களின் மூலதனம் என்கிறது. விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக வந்த கவுண்டர்கள் உழைப்பைச் சொல்லியே முதலாளிகளான கதை. பஞ்சப்படிக்காக 1984-இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தையும், அதற்குப் பிறகு ஏற்றுமதி பெருகப் பெருகப் பெண்கள் தையலுக்கும் செக்கிங்குக்கும் கூட்டம் கூட்டமாக வந்ததையும் சேர்த்துப் பார்க்க அவர் வழிகாட்டுகிறார். இதுவரை எனக்கு மறுப்பில்லை. ஆனால் தன் வரலாற்றைத் தானே சொல்லும் வாய்ப்பு அந்நூலில் முதலாளிக்குத்தான் அதிகம் வாய்க்கிறது. ‘நான் கைமடியா (உதவியாளா) வந்து கம்பெனி வெச்சேன்’ என்ற கதையைச் சொல்ல இங்கே ஆயிரம் ஆண்கள் உண்டு. கைமடியாக வந்து கைமடியாகவே ஓய்ந்த பெண்ணிடம் அப்படிச் சொல்ல ஒரு கதை கோத்துத் தயாராக இருப்பதில்லை.

பெண்ணை நடுவில் வைத்து எழுதப்பட்டவை என்றால் புகார் அறிக்கைகள்தான். திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மூன்று வருஷம் நூற்பாலை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் அந்நாட்டின் ‘இந்தியா கமிட்டி’ என்ற அமைப்பும் 2011-இல் வெளியிட்ட ‘கேப்சர்ட் பை காட்டன்’ உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2014-இல் அதே அமைப்புகளின் ‘ஃப்ளாட் ஃபேப்ரிக்ஸ்’ வந்தது. இடையில் முடியாமல் வீடு திரும்பிய பெண்ணுக்கு மொத்தத் தொகை கிடைக்காமல் போனது, விடுதியிலிருந்து வெளியே போகத் தடை, பேச போன் இல்லாதது என்று எல்லாம் இவற்றில் பதிவானது. உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வருஷக்கணக்காகச் சேர்த்த வாக்குமூலங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஐரோப்பாவில் துணி விற்கும் கடைக்காரர்களை இங்குள்ள விடுதியின் பூட்டுக்குப் பதில் சொல்ல வைத்தது இந்தக் காகிதங்கள்தான். வெள்ளைக்காரன் நம் தொழிலைக் கெடுக்க எழுதியது என்று இன்றும் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பாது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த மூன்று வருஷம் நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் வரலாற்று ஆவணமாக எடுத்து வைத்துப் படித்தால் புகார் அறிக்கையின் குறை கண்ணில் உறுத்துகிறது. அது காயத்தில் தொடங்கிக் காயத்தில் முடிகிறது. அந்தப் பெண் ஆலைக்கு வருமுன் என்ன படித்தாள், விடுதியில் யாரோடு சண்டை போட்டாள், எந்தப் படத்துக்கு ஏங்கினாள், மூன்று வருஷம் கழித்து அந்தப் பணத்தை யார் செலவு செய்தார்கள் என்பதெல்லாம் புகாருக்கு வேண்டாத விஷயம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படி வந்த தொகையில் தாலி வாங்கவில்லை, தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பதிய அந்த அறிக்கைகளில் கட்டம் இல்லை. அந்தப் பெருமைக்குள் இருக்கும் அநியாயத்தையும் அங்கே பதிய முடியாது. பெயரை மாற்றி எழுதுவது அவளைக் காப்பாற்றத்தான், அதில் தப்பில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்து அவளே தன் வாக்குமூலத்தைத் தேடினால் எந்தப் பெயரில் தேடுவாள்? போதாததற்கு அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறது.

தூரத்து ஊர் ஒன்றைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அமெரிக்காவின் தெற்கில் உள்ள அட்லாண்டாவில் 1914-இல் ஃபுல்டன் பேக் என்ற பருத்தி ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வருஷம் நீடித்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டால் ஒரு வாரக் கூலி போய்விடும் என்ற ஒப்பந்தம் கோபத்துக்கு ஒரு காரணம். நம் சுமங்கலிக் கணக்கு கடல் தாண்டியும் இருந்திருக்கிறது. தொழிலாளர் நடுவே ஆலை நிர்வாகம் ஒற்றர்களை விட்டது. அவர்கள் எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டுகள் இன்று ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. தொழிற்சங்கத்தின் பக்கம் நின்ற ஓலா டிலைட் ஸ்மித் என்ற பெண் படம் பிடித்து, படத்துக்குப் படம் குறிப்பு எழுதி ஆல்பம் செய்தார். வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள், ஆலைக் குழந்தைகள், தெருவில் குவிந்த தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அதில் உண்டு. ஒற்றனின் எழுத்தும் அந்த அம்மாவின் ஆல்பமும் இரண்டும் பிழைத்ததால்தான் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடிகிறது. ஆல்பமும் பிரசாரத்துக்குச் செய்ததுதான், அதில் எதிர்ப்பக்கத்துப் பொய்கள் இல்லை என்று சொல்ல முடியாது.

திருப்பூரிலும் ஒற்றன் ரிப்போர்ட்டுக்கு ஓர் உறவுமுறை உண்டு: ஆடிட். துணி வாங்கும் பையர் அனுப்பும் ஆள் வருவதற்கு முந்தின நாள் முதலுதவிப் பெட்டி நிறையும், கழிவறையில் சோப்பு வரும், என்ன கேட்டால் என்ன சொல்வது என்று லைனில் நிற்கும் பெண்களுக்குப் பாடம் நடக்கும். ஆண்டுதோறும் எத்தனையோ கம்பெனிகளில் பெண்களிடம் கேள்வி கேட்டு எழுதிய காகிதங்கள் இவை. அத்தனையும் ஏதோ ஒரு பிராண்டின் கம்ப்யூட்டரில் ரகசியமாகக் கிடக்கின்றன. பாதி பொய்யாகவே இருக்கட்டும். பெண்களுக்கு என்ன பொய் சொல்லித் தரப்பட்டது என்பதும் வரலாறுதான். இந்த ஊர்ப் பெண்களைப் பற்றிய ஆகப் பெரிய ஆவணக் குவியல் அதுவாகக்கூட இருக்கலாம். எழுதப்பட்டவர்களுக்கு மட்டும் அதைப் பார்க்க வழியில்லை.

பெண்கள் ஆவணம் என்றால் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது எழுத்தாளர் அம்பை. சி.எஸ். லட்சுமியாக அவர் 1988-இல் மும்பையில் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண்களின் குரலையும் படத்தையும் ஒலியாகவும் காட்சியாகவும் சேர்த்தது. பெண் பேசுவதே ஆவணம் என்று நிலைநாட்டிய முயற்சி அது. மைதிலி சிவராமன் தன் பாட்டி சுப்புலட்சுமி விட்டுச் சென்ற நாட்குறிப்பையும் கடிதங்களையும் கொண்டு ஒரு வாழ்க்கையையே எழுப்பி 2006-இல் நூலாக்கினார். இரண்டும் எனக்குப் பிடித்த வேலைகள். ஆனால் நாட்குறிப்பு எழுத ஒரு தனி மூலையும் ஓய்ந்த மத்தியானமும் வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து மினி பஸ் ஏறும் பெண்ணுக்கு வாய்ப்பது காலண்டர் கட்டம்தான். மைக்கை நீட்டிப் பேசச் சொன்னால், ‘எனக்கென்னங்க தெரியும், இவங்களக் கேளுங்க’ என்று கணவரைக் காட்டுவார். அதே பெண்ணிடம் காலண்டரைக் காட்டி, இந்த வாரம் ஏன் மூணு நாள் காலி என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

அதனால்தான் காலண்டர்களையும், பீஸ் ரேட் எழுதிய சின்ன நோட்டுகளையும், இ.எஸ்.ஐ. சீட்டுகளையும், சீட்டுப் பணக் கணக்குகளையும் சேர்க்க வேண்டும் என்கிறேன். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் தனி மனிதர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து 1994-இல் உருவானது; அவர் நூல்களோடு அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம் என்று பிறர் வீசியதையும் சேர்த்து வைத்தார். காலண்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

இதிலும் சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. காலண்டரில் இரண்டு ஷிப்ட் என்று இருப்பதும் கம்பெனி ரிஜிஸ்டரில் எட்டு மணி நேரம் என்று இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது வழக்குக்குச் சாட்சி. வேலையிலிருக்கும் பெண்ணிடம் அதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அவளைக் கம்பெனி வாசலில் நிறுத்துவதற்குச் சமம். எத்தனை வருஷம் பூட்டி வைப்பது, சாவி யாரிடம், அவள் திருப்பிக் கேட்டால் தருவீர்களா என்ற கேள்விகளுக்கு முதலிலேயே பதில் எழுதி, தமிழில் அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒரு தாளைத் தொட வேண்டும். புகார் அறிக்கைக்காரர்கள் பெயரை மாற்றியது ஏன் என்று இங்கே வந்து நிற்கும்போது புரிகிறது.

நேரமும் கொஞ்சம்தான் இருக்கிறது. இப்போது அந்த அக்காவின் லைனில் பாதிப் பேர் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இருந்து வந்த பெண்கள். பக்கத்து ஸ்டூலில் பிசிறு வெட்டும் பெண் ஷிப்ட் கணக்கைப் போனில் தன் குரலிலேயே பதிந்து அம்மாவுக்கு அனுப்புகிறாள். நான் கேட்டதற்காக ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஒடியாவில் இரண்டு மூன்று வரி, நடுவில் மட்டும் ‘டேட் ஷிப்ட்’. ஒன்றரை என்று இந்தியில் சொல்கிறாள் என அக்கா விளக்கினார். போன் நிறைந்துவிட்டதால் தீபாவளிக்கு முந்தியதையெல்லாம் அவள் அழித்துவிட்டாளாம்.