46-வது ஆள்

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக மைதானம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022-ல் நம்ம நீரஜ் சோப்ரா 88.13 மீட்டர் எறிந்து உலக வெள்ளி வாங்கினாரே, அந்த ஹேவர்ட் ஃபீல்ட்! தடகளத்துக்கு அது கோயில்.

இனி வரும் சீஸன்களில் அங்கே ஒரு புது விதி. 2025 ஜூனில் கோர்ட் ஒப்புக்கொண்ட சமரசப்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். நியாயம்தான். உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா?

ஆனால், பெரும்பாலான இடங்களில் பெரும்பங்கு போவது ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும். தடகளத்துக்குக் கிடைத்ததோ தலைக்கணக்கு: ஆண்கள் 45, பெண்கள் 45. ஸ்காலர்ஷிப்புக்கு இருந்த பழைய உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், வாஸ்தவம். கொடுக்கக் காசு வேணுமே!

46-வது ஆள் யார்? சொந்தக் காசில் படித்து, ஆசைக்கு ஓட வருகிற சுமார் ரகம். அவனால் அப்படியென்ன பெரிய செலவு? பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது.

1950-களின் கடைசியில் இதே ஓரிகனில் ஓடியவர் பில் நைட். பெரிய நட்சத்திரமில்லை. கோச் பில் பவர்மேன், தான் செய்த ஷூக்களை மாட்டிப் பார்த்த கால்களில் நைட்டின் காலும் ஒன்று. 1964-ல் இருவரும் ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அதுதான் பிற்பாடு நைக்கி.

ஆளைக் குறைத்தால் மிச்சமாகும் காசு கணக்கில் வரும். அந்த ஆள் என்னவாகியிருப்பான் என்பது எந்தக் கணக்கிலும் வராது, சார்!