பறையும் தறியும்

"கண்டிய நடனமா? அதுவும் இங்கிருந்து போனதுதானே!" சென்னை சபா ஒன்றில், கொழும்பிலிருந்து போன ஆட்டக்காரர் ஒருவரிடம் மூத்த ரசிகர் சொன்னது. கேட்டவருக்குச் சுருக்கென்றது. நியாயமான கோபம்.

சென்னையின் பெருமையை யாரும் மறுக்கப் போவதில்லை. 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், ஆடலோடு நெசவையும் சேர்த்து வளர்த்தார். பழைய சேலைகளின் அகலக் கரைகள் அங்குள்ள தறிகளில் மறுபடி பிறந்தன. நட்டுவனார் தட்டுக்கழியில் தட்டிய சொற்கட்டுகள் மாணவிகளின் நோட்டுப் புத்தகத்தில் தாளக் கணக்கோடு ஏறின. பெரிய வேலைதான், ஆனாலும் ஒருவர் முயன்று சேர்த்துவைத்த உறவு அது.

கண்டியில் அதை யாரும் சேர்த்துவைக்கவில்லை. மேளம் கொட்டியதும் ஆடியதும் நெய்ததும் ஒரே பெரவா சமூகம். சாதி அவர்களைக் கீழே வைத்தது; அரச விழாவும் கோயில் சடங்கும் அவர்கள் கையில்லாமல் நடக்கவில்லை. கண்டிய மேளமான கெட்ட பெரயவின் அடிப்படை ஒலிகள் நான்கு: தத், ஜித், தொங், நங். இவற்றை வாயால் சொல்லிப் பழகியே கையும் காலும் படிகின்றன. கால் பயிற்சியான 'பா சரம்ப' மட்டும் பன்னிரண்டு.

உடதும்பறைத் தலகுனே கிராமத்துத் தறியிலும் எண்ணிக்கைதான் ஆட்சி. இத்தனை பாவிழை தூக்கு, இத்தனை விடு என்று எண்ணியபடி ஊடு கோத்தால் மயில் எழும், மான் எழும், பாம்பு நெளியும். ஓரிழை பிசகினாலும் மயிலின் கழுத்து கோணிவிடும். தாளம் தப்பிய ஆட்டக்காரனைப் போல, அந்தப் பிசகும் பார்த்தவுடன் தெரியும்.

இந்தக் கைவினைகளையெல்லாம் 1908-இலேயே நூலாகப் பதிந்தவர் ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் பிறந்தவர். முத்திரைகளை விளக்கும் அபிநய தர்ப்பணத்தை துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து 1917-இல் ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியது 1935-இல். முத்திரைகளைப் பற்றி உலகம் ஆங்கிலத்தில் படிக்க, இலங்கைப் பிள்ளை ஒருவரின் பேனா 18 ஆண்டு முந்தியே உழைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து இணுவில் வீரமணி ஐயரும் கலாக்ஷேத்ராவில் கற்றவர்தான்; 'கற்பகவல்லி' பாட்டை மயிலாப்பூருக்குத் தந்தவரும் அவர்தான். கடல் கடந்த போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருந்ததே இல்லை.

கண்டிக்கு வரும் சென்னை ரசிகர்கள் தலதா மாளிகையோடு திரும்பிவிடாமல் தும்பறை வரை போகவேண்டும். தறிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, மயில் ஒன்று எழும் வரை பார்த்துவிட்டு, துணியை அவரிடமே வாங்கிவர வேண்டும்.