கூழைக் கலக்கிய கையும் அதைக் கழுவிய கையும்

பிள்ளை தட்டில் கையை விட்டுக் கலக்குவதை 'தானே சாப்பிடப் பழகுது' என்று இப்போது சொல்கிறோம். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு, எட்டு ஒன்பது மாதத்தில் கையில் பிடித்துத் தின்ன ஏதாவது என்பது குழந்தை மருத்துவர்கள் கணக்கு. தமிழில் இதைப் பேசுகிறவர்கள் உடனே குறள் 64-க்குப் போய்விடுவார்கள்: பிள்ளை கை பட்ட கூழ் அமிழ்தத்தைவிட இனிது. (பரிமேலழகர் அந்தக் கூழைச் 'சோறு' என்கிறார். தருமபுரிக்காரங்க ஒத்துக்க மாட்டோம், எங்களுக்குக் கூழ்னா கேழ்வரகுதான்.)

அந்தக் குறளை விளக்க அவர் துணைக்கு எடுப்பது பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டை, புறநானூறு 188. அதில் குழந்தை நடந்து வந்து கை நீட்டுகிறது, கீழே போடுகிறது, தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் இறைத்துக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது, சந்தேகமே இல்லை. ஆனா அந்த நெய்யை யார் துடைச்சாங்க? அந்த ஆள் பாட்டில் இல்லை. குறளிலும் ருசி பார்க்கிற நாக்கு பெற்றோருடையது. பிள்ளை கற்றுக்கொள்வது பற்றிப் பேச்சில்லை.

எனக்கு இவற்றைவிடத் தகடூர்ப் பாட்டு பிடிக்கும். இன்றைய தருமபுரிதான் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூறு 92. மழலை குழலையும் யாழையும்விட இனிது என்பது குறள் 66. ஔவை அப்படிக் கொஞ்சவில்லை. மழலை யாழோடு ஒத்துப்போகாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கும் என்கிறார். குறையைக் குறை என்றே சொல்லி ஏற்கிறார். தானே தின்ன, தானே கை கழுவ முயலும் பிள்ளைக்கு வேண்டியது இதுதான். பாதி வாய்க்கு, பாதி தரைக்கு. கரண்டியைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

பிடுங்குகிற கையைத் திட்டுவது சுலபம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடத்தை எண்ணிச் செலவழித்த வீடுகள் இவை. நூறு நாள் வேலைக்குக் கிளம்புற அம்மா ஊட்டிவிட்டால் பத்து நிமிஷம். தானே தின்னட்டும்னு விட்டா அரை மணி நேரம், ஒரு துணி, ரெண்டு சொம்புத் தண்ணி. அவர் ஊட்டிவிடுவது அறியாமையால் இல்லை.

அங்கன்வாடிச் சத்துமாவைக் கூழாகக் காய்ச்சாமல், வெந்நீர் விட்டுப் பிசைந்து, விரலில் நசுங்குகிற மாதிரி மெத்தென்று பிடித்துக் கையில் கொடுத்தால் சிந்துவது குறையும். புரையேறாமல் பார்க்கப் பக்கத்தில் ஒருத்தர் உட்காரணும். அது அப்பாவா இருக்கட்டுமே, 92-ஆம் பாட்டில் வருவது அவர்தானே.